படிக்கிணறும் ஐந்து நிமிட உரையும்

நுழையும்முன்

வீட்டில் தமிழ், தெருவில் குசராத்தியோ மராத்தியோ இந்தியோ, வகுப்பறையில் ஆங்கிலம் என மும்மொழி பழகிய மாணவர் பலர். பாட்டியுடன் தொலைபேசியில் அரைமணி நேரம் தமிழில் தடையின்றிப் பேசுவர். அவர்களையே மேடையேற்றி, ஒரு பொருளைப் பற்றி ஐந்து நிமிடம் தமிழில் விளக்குக என்றால் நா எழாது. அறிந்த மொழிதான் எனினும் அங்கே வேண்டுவது வேறு வகை ஆயத்தம். அந்த ஆயத்தம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாக இப்பாடம் காட்டுகிறது.

ஓர் உரை உருவாகிறது

அகமதாபாத் நகரில் எட்டாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள் விழாவில் ஐந்து நிமிட விளக்கவுரை ஆற்றும் பொறுப்பு அவளுக்குத் தரப்பட்டது. அகமதாபாத்திற்கு வடக்கே ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில் பாட்டன் நகரில் உள்ள 'இராணி கி வாவ்' என்னும் படிக்கிணற்றை அவள் தலைப்பாகத் தேர்ந்தாள். விடுமுறையில் குடும்பத்தோடு சென்று கண்ட இடம் அது.

அவளுக்குள் ஓர் அச்சமும் இருந்தது. முந்தைய ஆண்டு விழாவில் ஒரு மாணவன் பெரியவர் எவரோ எழுதித் தந்த கட்டுரையைப் படிக்கத் தொடங்கினான். மூன்றாம் வரியில், அதற்குமுன் தான் ஒருபோதும் சொல்லிப் பாராத நெடுந்தொடர் ஒன்றில் சிக்கினான். மீண்டும் முதலிலிருந்து படித்தான். அதே இடத்தில் நின்றான். அவையில் எவரும் நகைக்கவில்லை. ஆயினும் அவன் தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். அதன்பின் அவன் தமிழ் வகுப்பில் வாய் திறப்பதே அரிதாயிற்று. இம்மாணவியும் தமிழை எழுத்துக் கூட்டியே படிப்பவள். "நான் எழுதித் தருகிறேன், நீ மனப்பாடம் செய்துகொள்" என்று அம்மா அன்போடு கூறியபோது அவள் உடனே இசையாததற்குக் காரணம் அந்த மாணவனின் முகமே.

தமிழாசிரியை அவளிடம் முதலில் கேட்டது கட்டுரையை அன்று. "கேட்பவர் யார்?" என்று கேட்டார். கீழ்வகுப்புப் பிள்ளைகள், பெற்றோர், பேரப்பிள்ளைகளோடு சில மாதம் தங்க ஊரிலிருந்து வந்துள்ள தாத்தா பாட்டிமார். பிள்ளைகளுக்கு வாவ் என்றால் தெரியும்; தமிழ்ச் சொற்கள் சில தெரியா. தாத்தா பாட்டிமாருக்குச் சொற்கள் தெரியும். வாவ் என்பதைக் கண்டதில்லை. ஒரே உரை இவ்விரு சாராரையும் சென்றடைய வேண்டும். இதை எண்ணிப் பாராமல் எழுதப்பெறும் உரை, பெரும்பாலும் எழுதியவருக்காகவே எழுதப்பெற்றதாக முடிகிறது.

திரட்டலும் கழித்தலும்

ஒரு வாரத்தில் அவள் நான்கு பக்கம் நிறையச் செய்திகளைத் திரட்டினாள். படிக்கிணறு 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்றது. சோலங்கி மரபு மன்னன் முதலாம் பீமதேவனின் நினைவாக அவன் மனைவி உதயமதி கட்டுவித்தாள் எனக் கருதப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 65 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழம் 27 மீட்டர். ஏழு நிலைகள். பெரிய சிற்பங்கள் ஐந்நூற்றுக்கு மேல். சிறியவை ஆயிரத்துக்கு மேல். சரசுவதி ஆற்றின் வெள்ளம் கொணர்ந்த வண்டலில் புதைந்து கிடந்தது. இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து மீட்டது. யுனெஸ்கோ 2014இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவற்றோடு சோலங்கி மன்னர் பட்டியல், மோதேரா சூரியன் கோயில், பாட்டனில் நெய்யப்படும் பட்டோலா சேலை ஆகியனவும் இருந்தன. உரக்கப் படித்துக் கடிகாரம் பார்த்தபோது பதினொரு நிமிடம் ஆயிற்று.

எதைக் கழிப்பது? பட்டோலா சேலை அழகிய செய்திதான். அவளுக்கு அதை விட மனமில்லை. ஆசிரியை ஒரு வழி கூறினார்: உரை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், "இன்று என்ன கேட்டாய்?" என்று வினவப்பட்டால் ஒரே தொடரில் என்ன விடை சொல்ல வேண்டும்? அத்தொடரை முதலில் எழுதுக என்றார். அவள் மூன்று நாள் முயன்றாள். முதலில் எழுதியது, "இராணி கி வாவ் மிகவும் சிறப்பு வாய்ந்தது" என்பது. எந்த இடத்துக்கும் பொருந்தும் தொடர் அது. ஆகவே எதையும் சொல்லாத தொடர். இறுதியில் அமைந்தது இது: "கோயிலுக்குள் செல்வதுபோல் தண்ணீரை நோக்கி இறங்கிச் செல்லும்படி கட்டிய கிணறு இது." தண்ணீரின் தூய்மையைப் போற்றத் தலைகீழாக அமைத்த கோயில் என்று யுனெஸ்கோவின் குறிப்பும் இதனை வருணிக்கிறது.

இத்தொடர் அமைந்தபின் கழித்தல் எளிதாயிற்று. தண்ணீரை நோக்கி இறங்குவதற்குத் துணை செய்யாத செய்திகள் தாமே விலகின. பட்டோலா போயிற்று, மோதேராவும் போயிற்று, மன்னர் பட்டியலில் ஒருவன் மட்டும் எஞ்சினான். கழித்தவற்றை அவள் எறிந்துவிடவில்லை. தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். உரைக்குப்பின் எவரேனும் வினா எழுப்பினால் அத்தாள் பயன்படும்.

வரிசை

செய்திகளை எம்முறையில் அடுக்குவது? கால வரிசை ஒரு முறை: மன்னன் இறந்தான், அரசி கட்டினாள், வெள்ளம் வந்தது, புதைந்தது, மீண்டது. பெரும்பாலான பள்ளி உரைகள் இவ்வாறே செல்கின்றன. இதில் பிழையில்லை, ஆனால் கேட்பவர் கிணற்றைக் காணப் பாதிநேரம் காத்திருக்க நேரிடும். மாணவி இட வரிசையைத் தேர்ந்தாள். மேலே தரைமட்டத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, சிற்பங்களைக் கடந்து, நீரை அடைந்து, அதன்பின் அந்நீரே கிணற்றை மூடிய கதைக்குச் செல்வது. கேட்பவரும் அவளோடு இறங்குவர். கட்டடத்தைப் பற்றிய உரைக்கு அக்கட்டடத்தின் வழியே வரிசை தருவது இயல்பானது. நோயைப் பற்றியோ நதியைப் பற்றியோ பேசுவோருக்கு வேறு வரிசை பொருந்தலாம்.

தொடக்கத்திற்கு அவள் கண்டறிந்தது எவர் பையிலும் இருப்பது. 2018இல் வெளிவந்த இளஊதா நிற நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருக்கும் படம் இராணி கி வாவ்தான். அதே பக்கத்தில் பதினைந்து மொழிகளில் தொகை அச்சிடப்பட்டிருக்கும் சிறு கட்டத்தில் குசராத்தியும் உண்டு. 'நூறு ரூபாய்' என்று தமிழும் உண்டு. அகமதாபாத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட ஏற்ற நுழைவாயில் கிடைப்பது அரிது. "வணக்கம், இன்று நான் பேசவிருக்கும் தலைப்பு" என்னும் பழகிய தொடக்கத்தை அவள் கைவிட்டாள்.

குறிப்பட்டை

இனி இப்பாடத்தின் மையப்பகுதி. உரையை முழுமையாக எழுதிக் கையில் வைத்துப் படிப்பது ஒரு முறை. முழுமையாக மனப்பாடம் செய்து கையில் ஒன்றுமின்றி நிற்பது மற்றொரு முறை. இரண்டிற்கும் இடையில் உள்ளது பேச்சுக்குறிப்பு.

மனப்பாடம் எத்துணை வல்லாரையும் கைவிடக்கூடும். பிற்காலத்தில் பிரிட்டனின் தலைமை அமைச்சராகிய வின்ஸ்டன் சர்ச்சில், தம் 29ஆம் வயதில், 1904 ஏப்ரல் 22 அன்று அந்நாட்டு மக்களவையில் குறிப்பின்றி நினைவிலிருந்து பேசினார். நடுவே தொடர் அறுந்தது. அடுத்த சொல் வரவேயில்லை. அவைக்கு நன்றி கூறி அமர்ந்துவிட்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் விரிவான குறிப்புகளோடுதான் பேசினார். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய சொற்களை ஒரு வரியாக மடக்கி, கவிதை வரிகள்போல் தட்டச்சிட்டு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். கண் தாளில் வழிதவறாமல் இருக்க அது உதவியது.

குறிப்பு பேச்சைக் கட்டிப்போடவும் கூடாது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்களிடையே மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்த உரையோடுதான் நின்றார். உரையின் இறுதிப்பகுதியில், அருகிலிருந்த பாடகி மகாலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டு விலகிப் பேசினார். உலகம் இன்று நினைவில் வைத்திருப்பது அப்பகுதியையே. ஆனால் அது அந்நொடியில் முளைத்தது அன்று. டெட்ராய்ட் போன்ற ஊர்களில் அவர் முன்பே பேசிப் பழகிய கருத்து. பழகிய பொருள் மனத்தில் இருந்தமையால் தாளை விட்டு விலக முடிந்தது.

மாணவி முதலில் எழுதிய குறிப்பின் ஒரு பகுதி வருமாறு:

"இப்படிக்கிணறு ஏழு நிலைகளைக் கொண்டதாகவும், அதன் சுவர்களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய சிற்பங்கள் செதுக்கப்பட்டுள்ளதாகவும், அவற்றுள் திருமாலின் அவதாரங்கள் முதன்மை பெறுவதாகவும் அமைந்துள்ளது."

இது குறிப்பன்று, கட்டுரை. இதைக் கையில் வைத்திருப்பவர் படிக்காமல் இருக்க முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இத்தகைய தொடர் பெருந்தடை. ஆசிரியை சிவப்பு மையால் ஐந்து இடங்களை மட்டும் வட்டமிட்டார்: ஏழு, சுவர், ஐந்நூறு, சிற்பம், திருமால். மற்றவற்றை அவள் வாய் தானே நிரப்பும் என்றார். நிரப்பியது. "படியில் இறங்கிக்கொண்டே இருந்தால் ஏழு நிலைகள் வருகின்றன. இருபுறச் சுவரிலும் சிற்பங்கள். பெரியவை மட்டும் ஐந்நூற்றுக்கு மேல். திருமாலின் அவதாரங்களை நிறையக் காணலாம்" என்று அவள் தன் சொற்களால் சொன்னாள். நான்கு தொடர்கள், ஒன்றிலும் நா இடறவில்லை. வீட்டில் அவள் "எறங்கிக்கிட்டே இருந்தா" என்றுதான் பேசுவாள். மேடையில் அதை "இறங்கிக்கொண்டே இருந்தால்" என்று திருத்திக்கொள்ள அவளுக்கு இரண்டு நாள் பயிற்சி போதுமானதாயிற்று. நெடுந்தொடரை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

இறுதியில் அவள் கையில் இருந்தவை உள்ளங்கை அளவான நான்கு அட்டைகள். அவற்றுள் இரண்டு:

அட்டை 1 (1 நிமிடம்)
நோட்டைக் காட்டு. பின்புறம்.
"இந்த இடத்தைப் பார்த்தவர் யார்?" / காத்திரு /
தமிழ் எங்கே? நூறு ரூபாய்.
வாவ் = வாவி
படம் 1

அட்டை 3 (1½ நிமிடம்)
நிலை 4: தொட்டி. 23 மீ. ஆழம்
பாம்பணை மேல் திருமால் / மெதுவாக /
வெள்ளம், வண்டல், மூடியது
மூடியதால் சிற்பம் பிழைத்தது!
படம் 4

இவற்றில் சில நுட்பங்கள் உள. சாய்கோட்டுக்குள் இருப்பவை பேச வேண்டியவை அல்ல. பேசுபவர் தமக்கே இட்டுக்கொண்ட கட்டளைகள். காத்திரு, மெதுவாக, நிமிர்ந்து பார் என்பன மேடையில் மறந்துபோகும் செயல்கள் ஆதலின் அவையும் எழுதப்படுகின்றன. எண்களும் பெயர்களும் மாறாமல் எழுதப்படுகின்றன. பதற்றத்தில் 23 என்பது 32 ஆகிவிடும். உரையின் முதல் தொடரும் கடைசித் தொடரும் மட்டும் முழுமையாக எழுதப்படலாம். நா வறண்டிருக்கும் முதல் நொடியில் முழுத்தொடர் கைகொடுக்கும். முடிப்பதெப்படி என்று தடுமாறி "அவ்வளவுதான்" என்று இறங்கும் நிலையையும் அது தவிர்க்கும். அட்டைகளுக்கு மூலையில் எண் இடுதல் வேண்டும். கைதவறிக் கீழே விழுந்தால் அதன் அருமை தெரியும்.

அரசன் பற்றிய இரண்டாம் அட்டையில் "உதயமதி கட்டினாள்" என்று எழுதியிருந்ததை, "கட்டினாள் எனக் கருதப்படுகிறது" என்று அவள் பின்னர் மாற்றினாள். அட்டையில் இடம் சுருக்கம் என்பதற்காக உறுதியின் அளவைச் சுருக்கலாகாது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் விரைவு போதாத மாணவர் குறிப்புகளை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வதுண்டு. வரைவுநிலையில் அதனால் தீங்கில்லை. அட்டையில் அது ஏமாற்றும். ஆங்கில எழுத்தில் படி, பாடி, பதி ஆகிய மூன்றும் ஒன்றுபோல் தோன்றலாம். அரை எது, அறை எது என்று தெரியாது. கல்லும் காலும் கலந்துவிடும். படிகளும் கல்லும் நிறைந்த இவ்வுரைக்கு அது பெருங்குழப்பம். அட்டைக்கு ஆறேழு சொற்களே வேண்டும் என்பதால் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிவிடுவது கடினமன்று. குசராத்தி எழுத்தில் ழகரத்துக்கென எழுத்து இல்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

படமும் திரையும்

கணினியில் படவில்லைகளைத் தயாரிக்கும்போது, ஒவ்வொரு வில்லையின் கீழும் குறிப்பு எழுதும் இடம் உண்டு. திரையில் அவையோருக்குப் படம் மட்டும் தெரியும். பேசுபவரின் கணினியில் குறிப்பும் தெரியும். நல்ல வசதி. ஆயினும் பள்ளி மேடையில் புரொஜக்டர் ஒரு மூலையிலும் கணினி வேறு மூலையிலும் இருப்பது வழக்கம் ஆதலால், அட்டையையும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. திரையில் எழுதியதையே வாயாலும் படிப்பது வீண். கண்ணும் காதும் போட்டியிடும், இரண்டுமே முழுமையாக உள்வாங்கா. மாணவி நான்கு படங்களை மட்டும் வைத்தாள். மின்சாரம் நின்றாலும் நூறு ரூபாய் நோட்டு கையில் இருக்கிறது.

கேட்டுப் பார்த்தல்

உரைக்கு மூன்று நாள் முன்பு, திருச்சியிலிருந்து வந்திருந்த தன் பாட்டியை நாற்காலியில் அமர்த்தி, கடிகாரத்தை முன்வைத்து அவள் பேசினாள். ஆறு நிமிடம் ஆயிற்று. "இராணியின் கிணறு பாட்டனில் இருக்கிறது" என்ற இடத்தில் பாட்டி குறுக்கிட்டார்: "யாருடைய பாட்டன் கண்ணு?" அகமதாபாத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பாட்டன் என்றால் ஊர், தமிழ் கேட்டு வளர்ந்தவருக்கு அது தாத்தா. எழுதிய எவர் கண்ணிலும் படாத இக்குழப்பம், கேட்ட செவிக்கு உடனே பட்டது. "பாட்டன் என்னும் ஊரில்" என்று அட்டை திருத்தப்பட்டது.

பாட்டி மற்றொன்றும் கேட்டார்: "எந்த இராசாவுக்காக, எதற்குக் கிணறு வெட்டினாள்?" நேரத்தைச் சுருக்க எண்ணிப் பீமதேவனின் பெயரை மாணவி அன்றுதான் நீக்கியிருந்தாள். ஒரு மனைவி கணவனின் நினைவாக மண்டபம் எழுப்பாமல் ஊருக்குத் தண்ணீர் தந்தாள் என்பதே பாட்டியின் மனத்தைத் தொட்ட செய்தி. அது மீண்டும் அட்டையில் ஏறிற்று. அதற்கு ஈடாக மீட்டர் கணக்குகளில் இரண்டு இறங்கின. நீளமும் அகலமும் சொல்லப்படாவிடினும் எவரும் வருந்தப் போவதில்லை.

வாவ், வாவி என்னும் சொற்களைக் கேட்டபோது பாட்டியின் முகம் மலர்ந்தது. குசராத்தியின் வாவ் என்பதும் தமிழில் நீர்நிலையைக் குறிக்கும் வாவி என்பதும் 'வாபீ' என்னும் வடசொல்லிலிருந்து வந்தவை. "எங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள்" என்றார் பாட்டி. விழா மேடையில் அவ்விடத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்க வேண்டும் என்று மாணவி முதல் அட்டையில் சிறு கோடு ஒன்று இட்டுக்கொண்டாள்.

அருஞ்சொற்பொருள்

படிக்கிணறு – படிகள் வழியே இறங்கி நீரை அடையும் கிணறு
வாவி – குளம், நீர்நிலை
வண்டல் – வெள்ளம் கொணர்ந்து படியவிடும் மண்
அகழ்தல் – தோண்டி எடுத்தல்
பாம்பணை – பாம்பாகிய படுக்கை
வரைவு – திருத்துவதற்குமுன் எழுதும் முதல் வடிவம்

பயிற்சி

1. மாணவி முதலில் எழுதிய மையத் தொடரை ஆசிரியை ஏற்காததற்குக் காரணம் யாது?

2. மூன்றாம் அட்டையைப் பார்த்து, அதில் உள்ள செய்திகளை உன் சொந்தத் தொடர்களால் ஒன்றரை நிமிடம் பேசுக. உடன் பயில்பவர் நேரம் குறிக்க வேண்டும்.

3. கீழ்வரும் பகுதியை ஆறு சொற்களுக்கு மிகாத குறிப்பாகச் சுருக்குக:
"சரசுவதி ஆற்றில் ஏற்பட்ட வெள்ளத்தால் வண்டல் படிந்து பன்னெடுங்காலம் மண்ணுக்குள் மறைந்திருந்த இப்படிக்கிணற்றை இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தனர்."

4. நீ வாழும் ஊரில் உள்ள ஒரு கட்டடம், சந்தை அல்லது நீர்நிலை பற்றி மூன்று நிமிட உரைக்கு மூன்று அட்டைகள் தயாரிக்க. கழித்த செய்திகளைத் தனித்தாளில் எழுதி இணைக்க.

5. உன் ஊரில் வழங்கும் மொழியில் ஒரு பொருளும் தமிழில் வேறு பொருளும் தரும் சொல் ஒன்றைக் கண்டறிக. அச்சொல் உன் உரையில் வந்தால் குழப்பமின்றி எவ்வாறு சொல்வாய்? வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, அவர் கேட்ட முதல் வினாவை அப்படியே எழுதுக.